கவ்வாத்து மலை வழியாக அடிஷம் வரை

இலங்கை மலைநாட்டில், ஹப்புத்தளை அடிஷம் துறவு மடத்துக்குப் போகிறவர்களில் பலர் ஆட்டோவில் போய், கல் பங்களாவின் முன் நின்று படம் எடுத்து, ஒரு போத்தல் ஜாம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை, ஜாமும் நல்ல ஜாம்தான். ஆனால் ஜெபத்தோடு போக நினைப்பவர்கள் நடந்தே போகலாம். இந்தப் பயணத்தின் வேதபாடம் மடத்துக்குள் இல்லை, வழியில் இருக்கிறது.

நாள் பார்த்துப் புறப்படுங்கள். மடம் தினமும் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. வார இறுதி, போயா (பௌர்ணமி விடுமுறை), பாடசாலை விடுமுறை நாட்கள்தான் வழக்கம். தூரத்திலிருந்து வருகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நகரிலிருந்து மேற்கே சுமார் 3 கிலோமீற்றர், நிதானமாக நடந்தால் ஒரு மணித்தியாலம். காலையிலேயே நடக்கத் தொடங்குங்கள். பகல் திரும்பினால் பள்ளத்திலிருந்து பனி ஏறி வீதியை மூடிவிடும், வளைவில் வரும் லொறிகூடத் தெரியாது. மழை பெய்த மறுநாள் புல்லோரத்தில் அட்டை இருக்கும். காலுறையில் சவர்க்காரத்தை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. கையில் வேதாகமம், தண்ணீர், ஒரு ஸ்வெட்டர் போதும்.

வழியிலோ சுற்றுவட்டத் தோட்டங்களிலோ கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளின் கிளைகளை வெட்டிக் குறைத்த தேயிலை மலை ஒன்று கண்ணில் படும். படாவிட்டால் விசாரித்துத் தேடிப்போங்கள். வீதியோரத்திலேயே நில்லுங்கள், கேட்காமல் மலைக்குள் இறங்க வேண்டாம். அங்கே யோவான் 15-ஆம் அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்களைச் சத்தமாக வாசியுங்கள். இயேசு தம்மைத் திராட்சச்செடி என்றும், பிதாவைத் தோட்டக்காரர் என்றும், நம்மைக் கொடிகள் என்றும் சொல்லும் பகுதி அது.

மலைநாட்டில் தேயிலையைப் பொதுவாக 4 அல்லது 5 வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டாமல் விட்டால் செடி உயர்ந்துகொண்டே போகும், கொழுந்து மெலியும், நுனி மொட்டுகள் தூங்கிவிடும். வெட்டி முடித்த மலையைப் புதிதாகப் பார்க்கிறவருக்கு நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். நேற்றுவரை பச்சையாக இருந்த சரிவில் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறக் கொப்புகள் மட்டும் நிற்கும். கத்தி பட்ட இடம் ஒவ்வொன்றும் சரிவாக இருக்கும், மழைத்தண்ணீர் தங்கினால் அழுகுமே. வெட்டிய கிளைகளை அங்கேயே போட்டு மூடுவார்கள். அது மண்ணுக்கு உரம், வெயில் பட்டு வெடிக்காமல் மரத்துக்கு நிழல். பிறகு கொப்புகளில் படிந்த பாசியைச் சுரண்டி எடுப்பார்கள்.

இங்கேதான் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் சொல் விளங்குகிறது. கனிகொடாத கொடியைப் பிதா ‘அறுத்துப்போடுகிறார்’. கனிகொடுக்கிற கொடியையோ ‘சுத்தம்பண்ணுகிறார்’. அடுத்த வசனத்தில் ‘சுத்தமாயிருக்கிறீர்கள்’ என்று வரும் சொல்லும் கிரேக்க மூலத்தில் அதே வேரிலிருந்து வந்ததுதான். செத்த செடிக்கு யாரும் கவ்வாத்து வெட்டுவதில்லை, வேரோடு பிடுங்கிவிடுவார்கள். கத்தி படுவது இன்னும் கொழுந்து தரப்போகிற செடியில்தான். வேலை போனவருக்கும், மகன் கொழும்புக்குப் போய் வீடு வெறிச்சோடிப் போனவருக்கும் இதைச் சொல்லலாம். சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. இலையே இல்லாத செடி தன் உணவைத் தயாரிக்க முடியாது. பிறகு எதைக்கொண்டு துளிர்க்கிறது? வேரில் முன்கூட்டியே சேர்ந்திருக்கும் மாச்சத்தைக் கொண்டு. அதனால்தான் வெட்டுவதற்கு முன் சில வாரம் கொழுந்து பறிக்காமல் ஓய்வு கொடுப்பார்கள். வேரின் ஒரு துண்டை வெட்டி அயடீன் தடவிப் பார்ப்பதும் உண்டு. கருநீலமாக மாறினால் வெட்டலாம். மாறாத செடியை வெட்டினால் கொப்பு நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துவரும். மொட்டையாக நிற்கும் கொப்பு தன் பங்குக்கு எதையும் தரவில்லை, வேர் தருவதை வாங்குகிறது, அவ்வளவுதான். கத்தோலிக்கர் ‘அருள்’ என்பார்கள், மற்றச் சபையார் ‘கிருபை’ என்பார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பிராக்களில் (அறைகளில்) இரண்டு சொல்லும் கேட்கும்.

சில மலைகளில் செடிக்கு ஒன்றிரண்டு கிளையை மட்டும் இலையோடு விட்டிருப்பார்கள். செடி மூச்சுவிட அது. மனம் வறண்டுபோன காலத்தில் ஜெபத்தையும் அப்படி வைத்துக்கொள்ளலாம்: பெரிய ஒழுங்கெல்லாம் முடியாது, காலையில் பரமண்டல ஜெபம் ஒன்று மட்டும். அதை விடக்கூடாது.

மடத்தில் பார்க்க அதிகம் இல்லை. தேயிலைக் கம்பனித் தலைவராயிருந்த சேர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ் 1931-இல் கட்டி முடித்த வீடு. 1960களிலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளிடம் இருக்கிறது. பொதுமக்கள் பார்க்கத் திறந்திருக்கும் அறைகளைச் சுற்றிவந்தபின் தோட்டத்தில் அரை மணித்தியாலம் பேசாமல் உட்காருங்கள். பிள்ளைகளோடு போனால் பத்து நிமிஷம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பெரும்பாலும் பிசகுவது திரும்பி வந்த பிறகுதான். தியானத்தின் சூட்டில் மறுவாரமே பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, உபவாசம் எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்துவிடுகிறோம். கவ்வாத்துக்குப் பின் முதல் துளிரைக் கண்டதும் யாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. சில மாதம் வளரவிட்டு, குறித்த உயரத்தில் மட்டம் பிடித்து, பிறகுதான் பறிப்பார்கள். அவசரப்பட்டால் செடி பலமிழந்து அடுத்த வருஷங்களின் விளைச்சல் போகும். முதல் மூன்று மாதம் புதிய பொறுப்பு எதையும் ஏற்காமல் இருப்பது சோம்பல் அல்ல.

தினசரி வேத வாசிப்பு விட்டுப்போனால் என்ன செய்வது? கொழுந்து எடுக்கும் சுற்று ஏறக்குறைய ஏழு நாள். மழையாலோ ஆள் இல்லாமலோ சுற்று தவறினால் இலை முற்றிவிடும். முற்றியதைக் கூடையில் போட்டால் நிறுக்கும் இடத்தில் ஏச்சுத்தான். அதை ஒடித்து எறிந்துவிட்டு இளசை மட்டும் எடுப்பார்கள். ஏழு நாள் அதிகாரங்களை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் வாசித்துத் தீர்க்க வேண்டாம். விட்டது விட்டதாக இருக்கட்டும், இன்றைய பகுதியை எடுங்கள்.

திரும்பும் வழியில் அந்த மலையை அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில தோட்டங்களில் மலையின் இலக்கமும் கவ்வாத்து வெட்டிய வருஷமும் எழுதிய பலகை ஓரத்தில் நிற்கும். நாலைந்து மாதம் கழித்து அதே வளைவுக்கு வந்தால், மட்டக்கம்பை வைத்துப் பார்த்ததுபோல் சரிவு முழுக்க ஒரே உயரத்தில் இளம்பச்சை பிடித்திருக்கும். கீழே குனிந்து பார்த்தால் கத்தி பட்ட வாய்கள் இன்னும் தெரியும்.