ஒரு பக்கம் மட்டும் திறக்கவில்லை

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தபோது, கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர், ஃபோர்க்லிஃப்ட், ஜெனரேட்டர் எதில் என்ன பழுது வரும், எப்படிச் சரிசெய்வது என்பதையெல்லாம், பலர் சேர்ந்து பக்கங்களை எழுதித் திருத்த உதவும் டோக்குவிக்கி என்ற மென்பொருளில் எழுதி வைத்திருந்தோம். 2004-ல் வெளிவந்த அந்த மென்பொருளுக்கு டேட்டாபேஸ் தேவையில்லை. ஒவ்வொரு பக்கமும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். ஆபீஸ் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரே போதுமானதாக இருந்தது.

யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதை முதலில் பக்கம் பக்கமாகத்தான் போட்டேன். பக்கங்கள் பெருகியதும், புதிய பக்கத்துக்கு அனுமதி போட மறப்பது வழக்கமாகிவிட்டது. பக்கங்கள் ஏற்கெனவே வண்டிவாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் இருந்தன; டோக்குவிக்கியில் அதற்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர். ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளியும் நட்சத்திரமும் போட்டு விதி எழுதினால் போதும். உள்ளே இருக்கும் பக்கங்களுக்கும் இனி வரப்போகும் பக்கங்களுக்கும் அது பொருந்தும். ஒரே மாலையில் எல்லாவற்றையும் அப்படி மாற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் நைட் ஷிஃப்டில் ஸ்டாக்கரின் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தது. ஆபரேட்டர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, எல்லாப் பக்கமும் திறக்குது. ஹைட்ராலிக் பக்கம் மட்டும் பெர்மிஷன் டினைடுன்னு வருது."

தண்டையார்பேட்டையிலிருந்து டிரெய்லர் வரிசைகளைத் தாண்டி பைக்கில் போய்ச் சேரும்வரை காரணம் பிடிபடவில்லை. அந்தப் பக்கத்தை எழுதும்போது, அரைகுறையாக இருப்பதை யாரும் நம்பிவிடக் கூடாது என்று ஆபரேட்டர்கள் திறக்க முடியாதபடி பூட்டியிருந்தேன். அந்தப் பழைய வரி அப்படியே கிடந்தது. டோக்குவிக்கியில் ஃபோல்டருக்கான விதியைவிட, குறிப்பிட்ட பக்கத்துக்கான விதிக்கே முன்னுரிமை. அது சரியான முறைதான் என்றே இன்றும் நினைக்கிறேன். விதிவிலக்கு வேண்டும் என்றால் வேறெப்படிச் செய்வது? தப்பு, புதிய விதியைப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்ததில் இருந்தது. அவ்வளவு நேரம் அண்ணன் கொட்டிய எண்ணெய்க்கு மேல் மண் போட்டபடி காத்திருந்தார்.

மறுநாள் அனுமதி ஃபைலை அச்செடுத்து, பக்கத்துக்கென்று தனியாக இருந்த ஒவ்வொரு வரியையும் ஷிஃப்ட் ஆட்களிடம் காட்டிக் கேட்டேன். "இது எதுக்கு?" என்பதற்குப் பதில் வராத வரியை எல்லாம் அடித்தோம். மிஞ்சியது ஒன்றுதான்: பேட்டரி வாரன்டி பக்கம். அதை ஸ்டோர் அக்கா மட்டுமே திருத்த வேண்டும். அந்த வரிக்கு மேலே காரணத்தை எழுதி வைத்தேன்.