கவலைக்கு எத்தனை புள்ளி?

நோர்வேக்கு வந்த புதிதில் எனக்குப் பெரிய புதினம், பட்டப்பகலில் பிள்ளை வண்டில் தள்ளிக்கொண்டு திரிந்த ஒஸ்லோ ஆம்பிளையள்தான். தகப்பன்மாருக்கென்றே விடுப்பு ஒதுக்கும் சட்டம் 1993 இலேயே இங்கே வந்துவிட்டது. அப்போது நான்கு கிழமை, இப்போது 15. "இஞ்சை ஆம்பிளை, பொம்பிளை வித்தியாசமே இல்லை மாமி" என்று யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோனில் சொன்னேன். "எங்கை போனாலும் ஆம்பிளை ஆம்பிளைதான் பிள்ளை" என்றார் மாமி.

மாமி பக்கம் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். 2001 இல் போல் கொஸ்ரா, றொபேட் மக்ரே குழு 26 பண்பாடுகளில், ஆட்கள் தங்களுக்குத் தாங்களே புள்ளி போடும் படிவங்களை வைத்து எடுத்த கணக்கில், பெண்கள் சராசரியாக ஆண்களை விடக் கூடக் கவலைப்படுகிறார்கள், கூட விட்டுக்கொடுக்கிறார்கள். ஆனால் இந்த இடைவெளி ஆசியா, ஆபிரிக்காவை விட ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்தான் பெரிது. 2008 இல் 55 நாடுகளில் பார்த்தபோதும் அதே கதை. சமத்துவம் கூடிய நாட்டில் இடைவெளி குறையும் என்றுதானே யாரும் நினைப்போம்?

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருநாள் பயிற்சி வகுப்பில் இப்படியொரு படிவம் தந்தார்கள். 'எனக்கு எளிதில் கவலை வரும்': 1 இலிருந்து 5 வரை புள்ளி போட வேண்டும். நான் 2 போட்டேன். ஷெல் விழ விழ எங்களைப் பங்கருக்குள் இருத்திவிட்டுக் கஞ்சி காய்ச்ச வெளியே போன அம்மாவும் பெரியம்மாவும் பட்ட கவலைக்கு முன்னால் என்னுடையது எந்த மூலைக்கு? பக்கத்துக் கதிரை நோர்வேக்காரி 4 போட்டிருந்தாள். தன் மனிசன் எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டானாம், அவனைப் பார்த்தால் தான் 4 தானாம்.

ஊரில் பொம்பிளை தன்னைப் பொம்பிளையளோடு ஒப்பிடுகிறாள், இங்கே புருஷனோடு. இடைவெளியில் ஒரு பங்கு அந்த அளவுகோலில்தான் கிடக்கிறது என்பது என் கட்சி. இப்படி வாதிடும் உளவியலாளரும் உண்டு. வசதியும் சுதந்திரமும் வந்தால் அவரவர் சுபாவம் வெளியே வரும் என்பது மற்றக் கட்சி. பொறுமை, துணிச்சல், நம்பிக்கை போன்றவற்றை 76 நாடுகளில் அளந்த 2018 ஆய்விலும் பணக்கார, சமத்துவ நாடுகளில்தான் இடைவெளி பெரிது. அதை என் அளவுகோல் கதையால் முழுக்கத் தள்ளிவிட ஏலாது.

படிவத்தைப் பார்த்த மேற்பார்வையாளர், நான் பதற்றமில்லாத ஆள் என்று மறதி நோயாளர் பிரிவில் இரவு வேலைக்குப் போட்டார். இரவென்றால் சம்பளம் கொஞ்சம் கூட. நானும் ஒன்றும் சொல்லவில்லை.