ஏற்காட்டில் ஒரு பலா மரமும் அதில் பூத்த ஆர்க்கிட்டும்

ஏற்காடு போகிறவர்கள் பெரும்பாலும் ஏரியில் படகு, லேடிஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, மிளகும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு மலை இறங்கிவிடுவார்கள். எங்கள் திட்டமும் அதேதான். ஆனால் மே மாதக் கூட்டத்தில் ஏரிப் பக்கம் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்கவில்லை. சரி, நாகலூர் பக்கம் போய்க் காப்பித் தோட்டங்களை ஒட்டிச் சும்மா நடப்போம் என்று கிளம்பினோம். அங்கேதான், சாலையோரம் நின்ற ஒரு கிழட்டுப் பலா மரத்தில், சரியாக என் முகத்துக்கு நேரான உயரத்தில், காட்டு ஆர்க்கிட் ஒன்று பூத்திருந்தது.

கல்யாண மேடைகளில் வைக்கிற பெரிய ஊதாப் பூவை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் இது கண்ணில் படாது. ஒரு கொத்தில் நாலைந்து சின்னப் பூக்கள். மஞ்சளும் பழுப்பும் கலந்த இதழ்கள், அவற்றின் மேல் கட்டம் கட்டமாகக் கோடுகள். நடுவில் நாக்கு நீட்டியதுபோல ஓர் இதழ், அது மட்டும் நீலமும் ஊதாவும். பூவின் பின்பக்கம் பார்த்தால் வெள்ளை வெளேர். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் நல்ல வாசம். தாவரவியல் படித்த தோழிக்குப் படம் அனுப்பினேன், உடனே பதில் வந்தது: வாண்டா டெசெல்லேட்டா.

பூவை விட என்னை அதிக நேரம் நிற்க வைத்தவை வேர்கள்தான். மண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், பட்டையைப் பற்றியும் பாதி காற்றில் தொங்கியும் சாம்பல் வெள்ளை நிறத்தில் இருந்தன. பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நனைந்த இடமெல்லாம் பச்சையாக மாறியது! வேரைச் சுற்றி வெலாமன் என்று ஓர் உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அதன் செல்களுக்குள் காற்றுதான் இருக்கும், அதனால் வெள்ளையாகத் தெரியும். மழையோ பனியோ பட்டால் சட்டென்று நீரை உறிஞ்சிக்கொள்ளும், அப்போது உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. இலையைப் போல வேரும் ஒளிச்சேர்க்கை செய்கிற செடி இது.

தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டி நின்று பார்த்தார். “அதுல என்ன கண்ணு அப்படிப் பாக்குற? புல்லுருவி அது. விட்டா மரத்தையே தின்னுடும்” என்றார். “இல்ல பாட்டி, புல்லுருவி கிளைக்குள்ள வேரை இறக்கி மரத்தோட சாறை எடுத்துக்கும். இது மேல ஒட்டிக்கிட்டு இருக்கறதோட சரி, மரத்துகிட்ட எதையும் வாங்குறதில்ல” என்று சொன்னேன். கவாத்து செய்யும்போது இதையும் சேர்த்து வெட்டிப் போட்டுவிடுவோம் என்றார். கொஞ்ச நேரம் பூவைப் பார்த்துவிட்டு, “அப்ப ஓடைக்கிட்ட அத்தி மரத்துல சரம் சரமாத் தொங்குதே, அதையும் போய்ப் பாரு” என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

போய்ப் பார்த்தோம். கிளை பிரிகிற இடத்தில் சோற்றுக் கற்றாழை போலத் தடித்த நீள இலைகள், அங்கிருந்து கீழ்நோக்கித் தொங்கும் பூச்சரங்கள், ஒவ்வோர் இதழின் நடுவிலும் அரக்குக் கோடு. சிம்பிடியம் அலோய்ஃபோலியம். அதே மரத்தில், இலை நுனியை யாரோ கடித்துவிட்ட மாதிரி ஒழுங்கில்லாமல் முடியும் அகாம்பே என்ற இன்னோர் ஆர்க்கிட்டும் இருந்தது.

அதற்கப்புறம் எல்லா மரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். பலா, அத்தி என்று சொரசொரப்பான பட்டை உள்ள பழைய மரங்களில்தான் ஆர்க்கிட் இருந்தது. வரிசை வரிசையாக நட்டு மிளகுக்கொடி ஏற்றியிருந்த சில்வர் ஓக் மரங்களில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது, நேராக வளரும், பிறகு வெட்டி விற்கலாம், தோட்டக்காரர்களுக்கு அது ஏன் பிடிக்கிறது என்பது புரிகிறது. ஆனாலும் ஒரு பழைய பலாவை வெட்டினால் அதோடு எத்தனை செடிகள் போகின்றன என்று யாராவது ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கோடாரியை எடுத்தால் நன்றாக இருக்கும்.

ஏனென்றால் இவை சுலபமாகத் திரும்பி வருவதில்லை. ஆர்க்கிட் காய் ஒன்றில் ஆயிரக்கணக்கில், சில வகைகளில் லட்சக்கணக்கில் விதைகள் இருக்கும், எல்லாமே தூசி. நெல்லிலோ பயறிலோ இருப்பதுபோல முளைக்குச் சாப்பாடு எதுவும் உள்ளே கிடையாது. சரியான பூஞ்சை வந்து உணவு கொடுத்தால்தான் காட்டில் முளைக்கும். 1899-இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டுபிடித்தார். விழுந்த விதைகளில் பூஞ்சை கிடைத்து, முளைத்து, பூக்கிற அளவுக்கு வளர்வது மிகச் சிலதான், அதற்கும் பல வருடம் ஆகும்.

அழகாக இருக்கிறதே, ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு போய்ப் பால்கனியில் கட்டலாம் என்று எங்களோடு வந்த ஒருவருக்குத் தோன்றியது. வேண்டவே வேண்டாம் என்றேன். அகத்தியமலையில் மட்டும் வளர்கிற பாபியோபெடிலம் ட்ரூரியை, மஞ்சள் நிறத்தில் சின்னச் செருப்பு மாதிரி பூக்கிற ஆர்க்கிட், சேகரிப்பவர்கள் தோண்டித் தோண்டியே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் வளர்க்க ஆசை என்றால் நர்சரியில் எத்தனையோ கலப்பின வகைகள் கிடைக்கின்றன.

இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019-இல் வெளியிட்ட பட்டியலில் நம் நாட்டு ஆர்க்கிட்டுகள் 1,256 வகைகள். அந்த ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. முதலில் அங்கே போய் இலையையும் வேரையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பூக்காத நாளிலும் மரத்தில் அடையாளம் தெரியும். கையில் ஒரு பைனாகுலர் இருக்கட்டும். காப்பித் தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன் கேட்டுக்கொண்டு போங்கள். மழைக்காலத்தில் போகிறவர்கள் தரையையும் பாருங்கள், ஹபனேரியா வகை ஆர்க்கிட்டுகள் கிழங்கிலிருந்து முளைத்துப் புல்லுக்கு நடுவே பூக்கிற காலம் அதுதான்.