கொல்லைக்கதவு

அக்டோபர் 29, 2024, செவ்வாய்

திருப்பூரிலிருந்து வந்து சேர ராத்திரி 11.30 ஆகிவிட்டது. அம்மா தூங்கவில்லை. "வந்துட்டியா தாயி" என்றாள். அதற்கு மேல் பேசத் தெம்பில்லை. கொல்லைக்கதவுக்குத் தாழ்ப்பாள் போடப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பள்ளத்தூர் ஆச்சி ஆள் மூலம் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் கொடுத்துவிட்டிருந்தார்கள். அந்த வீட்டு அடுப்படியில் 22 வருஷம் நின்றவள் அம்மா. ஒரு துண்டு பிய்த்து நாக்கில் வைத்தாள், இறங்கவில்லை. ஆச்சி போனில், "கலி முத்திருச்சு, நல்லவுகளுக்குத்தான் இந்த வேதனையெல்லாம்" என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அவுகளுக்கும் தெரியுது பாரு" என்றாள். என்ன தெரிகிறது என்று கேட்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நவம்பர் 1, வெள்ளி

அனைத்துப் புனிதர் திருநாள். அண்ணனோடு காலைப் பூசைக்குப் போனேன். முதல் வாசகம் திருவெளிப்பாடு 7ஆம் அதிகாரம். எல்லா நாட்டையும் குலத்தையும் மொழியையும் சேர்ந்த, யாராலும் எண்ண முடியாத கூட்டம். வாசித்தது அண்ணன் மகள். அவசரப்படாமல் நிறுத்தி வாசித்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் பழைய வேதாகமத்தில் அதே இடத்தை எடுத்தேன். அதில் "சகல ஜாதிகளிலும் கோத்திரங்களிலும்" என்று இருக்கிறது. ஜாதி என்றால் அங்கே தேசம், இனம் என்றுதான் அர்த்தம். தெரியும். ஆனால் இந்த ஊரில் உட்கார்ந்து வாசிக்கிறவளுக்கு அது அப்படியா காதில் விழும்? அம்மா அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் "நம்ம ஊரும்" என்று எழுதி வைத்திருக்கிறாள். நாலாவது வரைதான் படித்தவள். கோணல்மாணலாக இருந்தாலும் அவள் எழுத்துதான்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். அப்பாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றினோம். சாமியார் முதலில் இந்தப் பக்கம் மந்திரித்தார். அப்புறம் வெளியே போய், சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கத்து வாசல் வழியாக உள்ளே போனார். நடுவில் சுவர். இருட்டிய பிறகு அந்தப் பக்கத்து வெளிச்சம் சுவருக்கு மேலே தெரிந்தது. ஆள் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும்.

அந்தச் சுவரைக் கட்டியது அப்பா. 1994. அப்பா சாதாரணக் கொத்தனார் இல்லை. கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுண்ணாம்பு பூசி, முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றத் தெரிந்த கை. கானாடுகாத்தானில் எத்தனை வீட்டு வளவில் அவர் பூச்சு இன்னும் வழவழவென்று இருக்கிறது. அப்படிப்பட்டவரை ஊர்க்கூட்டம் கூப்பிட்டு, "கல்லறைக்கு நடுவில ஒரு சுவரு எழுப்பிக் குடுங்க" என்றது. கூலி வாங்கவில்லை. புண்ணியக் காரியம் என்று சொன்னார்களாம்.

எனக்கு அப்போது 7 வயசு. சுவர் வெடிக்காமல் இருக்க ஒரு வாரம் காலையும் மாலையும் சொம்பில் மொண்டு மொண்டு தண்ணீர் விட்டவள் நான்தான். விளையாட்டாக இருந்தது.

நவம்பர் 3, ஞாயிறு

பகல் முழுக்க வலி. ராத்திரியும்.

நவம்பர் 6, புதன்

கீழத்தெரு டெய்லர் அக்கா வந்தார். கொல்லைவழியாகத்தான். அண்ணன் கடைக்குப் போயிருந்த நேரம். அம்மாவின் தலையைத் தூக்கி, மடியில் வைத்து, கஞ்சித்தண்ணியைக் கரண்டியால் ஊட்டினார். நான் கொடுத்தால் நாலு கரண்டி. அக்கா கொடுத்தால் அரை டம்ளர் போகிறது. பொறாமையாக இருந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

1999 டிசம்பர் 31 ஞாபகம் வந்தது. அப்போது அம்மா சபைக்குப் போக ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும். 2000 பிறக்கும்போது ஆண்டவர் வந்துவிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சு. இரகசிய வருகையில் விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்வார், போட்ட துணி போட்டபடி கிடக்கும், ஆளைக் காணோம் என்பார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். அடுப்பு எரிகிறது, உலை கொதிக்கிறது, கொடியில் அம்மா சேலை. அம்மா இல்லை. கத்தினேன். பதில் இல்லை. எனக்கு 12 வயசு. எடுத்துக்கொண்டு போய்விட்டார், என்னை விட்டுவிட்டார் என்று வயிறு கலங்கிப்போனது.

அதுவரை கீழத்தெருவுக்குள் கால் வைத்ததில்லை. அன்றைக்கு ஓடினேன். அக்காவும் இல்லாவிட்டால் வருகை நடந்துவிட்டது என்று நிச்சயம், இருந்தால் இல்லை. அந்தக் கணக்கு மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது. போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் திருகைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து உளுந்து உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி ஆராதனை முடிந்து எல்லோருக்கும் பலகாரமாம். அம்மா பக்கத்தில் அக்கா வீட்டுத் தட்டு, பாதி சாப்பிட்டபடி.

நான் அழுததற்கு அம்மா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். வெகு நாள் கழித்து மத்தேயு 24இல் அந்த வசனத்தை வாசித்தேன். எந்திரம் அரைக்கிற இரண்டு பெண்களில் ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், ஒருத்தி கைவிடப்படுவாள். அன்றிலிருந்து அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தெரிவது அந்தத் திருகைதான். இவர்களில் யாரை எடுப்பார்? யாரை விடுவார்? யாராவது ஒருத்தியை விட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றால் எனக்கு அது வேண்டாம்.

நவம்பர் 8, வெள்ளி

மாமா வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேரப் பிரசங்கம் அனுப்பியிருக்கிறார். ஈரான், இஸ்ரேல், அமெரிக்கத் தேர்தல், எல்லாம் எசேக்கியேலில் இருக்கிறதாம். அம்மா கேட்கட்டும் என்கிறார். பத்து நிமிஷம் கேட்டேன். அதில் ஒரு இடத்தில்கூட யாருக்கும் கஞ்சி ஊற்றவில்லை. கோபத்தில் எழுதுகிறேன். 1844 அக்டோபர் 22 என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரை நம்பி ஆயிரக்கணக்கான பேர் விடிய விடியக் காத்திருந்தார்கள். 2011 மே 21 என்று ஹெரால்ட் கேம்பிங் வானொலியில் அறிவித்தார். நாள் குறிக்கிறவர்களுக்கு என்ன, நாள் தவறினால் அடுத்த நாள். நம்பி நிலத்தை விற்றவனுக்கு?

அம்மா ஒரு நாளும் தேதி கேட்டதில்லை. கதவை மட்டும் தாழ் போடமாட்டாள்.

நவம்பர் 9, சனி

வலி மாத்திரை 6 மணிக்கு ஒன்று, 10க்கு ஒன்று. இடுப்பில் புண். வாட்டர் பெட் வந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

அக்கா இன்றைக்கு நிறையப் பேசினார். மகனுக்குச் சாதிச் சான்றிதழில் இருப்பது அவரோட தாத்தா பெயர் மாதிரி ஒரு பெயர். ஞானஸ்நானப் பெயர் வேறு. 1950 உத்தரவுப்படி கிறிஸ்தவர் என்றால் பட்டியல் சாதிச் சலுகை இல்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கொடுத்தார்கள், இவர்களுக்கு இன்னும் இல்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று அரசாங்கம் நம்புகிறது. அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து எங்கள் ஊர்க் கல்லறைச் சுவரில் ஒட்ட வேண்டும்.

"ஜீவ புஸ்தகத்துல எந்தப் பேரு இருக்கும்?" என்று அம்மாவிடம் கேட்டார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே பயந்து கேட்டார். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "கூப்பிடுற பேரு" என்றாள்.

அப்புறம் வெள்ளை அங்கி பற்றிப் பேச்சு வந்தது. 1930இல் இந்தப் பக்கத்தில் எட்டுத் தடை போட்டார்களே, அதை அக்காவுக்கு அவர் அப்பத்தா சொல்லியிருக்கிறார். தங்கம், வெள்ளி போடக் கூடாது. பெண்கள் மேலுக்குத் துணி போடக் கூடாது. பூ வைக்கக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. "ரவிக்கை போட விடாத வம்சத்துல நான் ரவிக்கை தச்சே பொழைக்கிறேன் பாரு தாயி" என்றார். "அங்கன எல்லாருக்கும் வெள்ளை அங்கியாம். அதை யாரு தைக்கிறாகளோ, கூடமாட நானும் ஒக்காந்து காஜா போட்டுக் குடுப்பேன்."

பரலோகத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கம் எல்லாவற்றையும்விட இது எனக்குப் போதும்.

நவம்பர் 15, வெள்ளி

அம்மா சொல்லிவிட்டாள். அண்ணன் காதுபட. "என்னைய அங்கிட்டு வையுங்க."

அண்ணன் முதலில் புரியாத மாதிரி இருந்தார். "அப்பா பக்கத்துல எடம் கெடக்கு" என்றார். அவள் மறுபடி, "அங்கிட்டு" என்றாள், சுவர் இருக்கிற திசைக்குக் கை தூக்க முடியாமல் தாடையைக் காட்டி.

வாசலில் சண்டை. 2003இலேயே இரண்டாம் அருள் சின்னப்பர் தமிழ்நாட்டு ஆயர்களைக் கூப்பிட்டு, சாதியை ஒழியுங்கள் என்று சொல்லிவிட்டாரே என்றேன். "போப்பாண்டவரா நம்ம ஊருல வாழப்போறாரு? நாளைக்கு எம் மகளுக்கு மாப்பிள்ளை யாரு குடுப்பா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கெட்ட மனுஷன் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நவம்பர் 17, ஞாயிறு

பூசையில் மாற்கு 13. கதிரவன் இருண்டுவிடும், நிலா ஒளிகொடாது. அத்திமரத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், கிளை தளிர்த்தால் கோடை வருகிறது என்று தெரியும். அந்த நாள் மகனுக்கும் தெரியாதாம், தந்தைக்கு மட்டும்தான். மகனுக்கே தெரியாது என்ற இடத்தில் நெஞ்சு நின்றது. அவரும் காத்திருக்கிறார் போல.

நவம்பர் 20, புதன்

அண்ணன் யாரிடமும் சொல்லாமல் ஓரியூர் போய் வந்திருக்கிறார். அருளானந்தரை 1693இல் வெட்டிய இடத்துச் செம்மண்ணை ஒரு மடிப்பில் கொண்டுவந்து அம்மாவின் வயிற்றில் பூசினார். சபைக்குப் போன நாளிலிருந்து மண்ணும் சுரூபமும் வேண்டாம் என்றவள் அம்மா. இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பூசி முடிக்கும்வரை அவர் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் 21, வியாழன்

கஞ்சியும் நின்றுவிட்டது.

நவம்பர் 24, ஞாயிறு

கிறிஸ்து அரசர் பெருவிழா. சாயங்காலம் பவனி. "கிறிஸ்து அரசர் வாழ்க" என்று மேலத்தெரு முழுக்கக் கோஷம். அம்மாவைச் சன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். பவனி கோயில் முக்கு வரைக்கும் போய், இந்த வருஷமும் அப்படியே திரும்பிவிட்டது. அதற்குக் கீழே பத்து எட்டு வைத்தால் அக்கா வீடு. வாசலில் கோலம் போட்டு, வாழைமரம் கட்டி வைத்திருந்தார்களாம்.

போன ஜூனில் கண்டதேவித் தேர் ஓடியது. வடத்தில் யார் கை படலாம் என்ற தகராறில் எத்தனையோ வருஷம் நின்று கிடந்த தேர். நீதிமன்றம், போலீஸ் என்று என்னென்னவோ நடந்துதான் ஓடியது, ஆனாலும் ஓடியது. நாம் ஒரு சப்பரத்தை நூறடி தூரம் கீழே இறக்க மாட்டோம். வருகிறவர் மேகங்கள்மேல் வருவார் என்று பாடுகிறோம். வந்து இறங்கினால் எந்தத் தெரு வழியாக வருவார்? இதை ஒருத்தரும் கேட்பதில்லை. அம்மாவிடம் கேட்டேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து, "கொல்லைப்பக்கம்" என்றாள்.

நவம்பர் 30, சனி

புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடக்கிறதாம். இங்கே மூட்டமும் தூறலும். கரண்ட் இல்லை. பொழுது சாய்ந்து கல்லறைப் பக்கம் நடந்தேன். மண் இளகி, நாலைந்து சிலுவை சாய்ந்து நின்றன. அடுத்த தோட்டத்து வேலி விழுந்திருக்கிறது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. கையால் தடவிப் பார்த்தேன். அப்பா வேலை. நான் விட்ட தண்ணீர்.

புதிய எருசலேமுக்கும் மதில் உண்டு, 144 முழம். இதுதான் எனக்கு ஒரு வாரமாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அங்கே எதற்கு மதில்? ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் 21ஆம் அதிகாரம் முழுக்க மறுபடி வாசித்தேன். பன்னிரண்டு வாசல். ஒரு வாசலும் அடைக்கப்படுவதில்லை, அங்கே ராத்திரியே கிடையாது. சரி. அப்படியானால் அப்பாவின் சுவரில் ஒரு வாசல் வெட்டினால் போதுமா? அதற்கே கடப்பாரையை யார் எடுப்பது?

டிசம்பர் 1, ஞாயிறு

திருவருகைக் காலம் முதல் ஞாயிறு. அண்ணனுக்கு இது வருகை, அம்மாவுக்கு அது வருகை. பூசைக்குப் போகவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து லூக்கா 21 வாசித்தேன், தலையை உயர்த்துங்கள், உங்கள் மீட்பு நெருங்கிவிட்டது என்கிற இடம். கேட்டாளா தெரியவில்லை. மூச்சு விட்டு விட்டு வருகிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

அக்கா வந்தபோது அண்ணன் வீட்டில் இருந்தார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் எழுந்து வெளியே போனார், போகும்போது நாற்காலியை அம்மா கட்டில் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

அம்மாவின் வெள்ளைச் சேலைக்கு ரவிக்கை இருக்கிறது. ஆனால் உடம்பு எங்கே? அக்கா அளவு எடுத்தார். நெஞ்சு 27. தோளை அளக்கும்போது டேப் நழுவிக்கொண்டே இருந்தது. "ரெண்டு பக்கமும் நல்லாப் பிடிக்கணும், நாளைக்குத் தச்சுக் கொண்டாந்துர்றேன்" என்றார்.

எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவாகவில்லை. அண்ணன் சாமியாரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று அண்ணி சொல்கிறார். எதற்கு என்று தெரியவில்லை.

டிசம்பர் 4, புதன்

மழை விட்டுவிட்டு வருகிறது. அண்ணன் கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்தே தூங்குகிறார். மணி 2. கொல்லைக்கதவு காற்றில் அடித்துக்கொண்டது. தாழ் போடாமல், ஆடாமல் இருக்கக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.