உறைபனியும் க்யூபிட்டும்

இன்னைக்குக் காலையில ஊட்டி தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளை வெளேர்னு உறைபனி. பைக் சீட்டைச் சுரண்டிட்டுத்தான் உட்கார முடிஞ்சது. டீக்கடையில அக்கா பையன் கேட்டான்: "மாமா, குவாண்டம் கம்ப்யூட்டருக்குக் குளிர் வேணுமாமே, ஊட்டியிலயே வச்சிரலாமா?"

சிரிச்சிட்டேன். கூகுள், ஐபிஎம் செய்யுற மீக்கடத்தி (தடையே இல்லாம மின்சாரம் கடத்தற பொருள்) வகைக் குவாண்டம் கம்ப்யூட்டருக்கு நம்ம உறைபனியே அடுப்படிதான். மைனஸ் 273 டிகிரியை ஒட்டிப் போகணும். அப்பவும் துளி வெப்பம், துளி இரைச்சல் பட்டா க்யூபிட், அதாவது அந்தக் கம்ப்யூட்டர் தகவலை வச்சிருக்கற அடிப்படை அலகு, தன் நிலையை மறந்துடும். (வீட்ல ஒருத்தர் ஞாபகம் வந்தாங்க, சொல்லல.)

2024 டிசம்பர்ல கூகுள் காட்டின வில்லோ சிப்புல 105 க்யூபிட். பிழை திருத்தத்துக்குக் க்யூபிட்டுகளைச் சேர்க்கச் சேர்க்கப் பிழை குறைஞ்சதுதான் அதுல பெரிய சேதி.

எனக்கு ஆசை வேற. காத்துல இருக்கற நைட்ரஜனை அம்மோனியாவாக்க உரத் தொழிற்சாலைக்கு 400 டிகிரி வேணும். மண்ணுல இருக்கற பாக்டீரியா சாதாரணச் சூட்டுலயே அதைச் செய்யுது. எப்படின்னு முழுசாக் கணக்குப் போட சாதாரணக் கம்ப்யூட்டர் திணறுது. குவாண்டம் அதைப் போட்டுக் கொடுத்தா, எங்க கேரட் தோட்டத்து உரக் கணக்கும் ஒருநாள் மாறலாம்.

இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பையன் என் வர்க்கியையும் தின்னுட்டான்.