பகலில் எரிந்த விளக்கு

காலை பத்து மணிக்கும் எங்கள் தெருவிளக்கு எரிந்துகொண்டே இருந்தது. யாரோ அணைக்க மறந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

எனக்கு உக்ரைனின் லிவிவ் நகரம் நினைவுக்கு வந்தது.

2023 டிசம்பர் 12. அந்நாட்டில் சுமார் 2.4 கோடி வாடிக்கையாளர்கள் கொண்டிருந்த கீவ்ஸ்டார் என்ற மொபைல் நிறுவனம், சைபர் தாக்குதலில் விழுந்தது. போனும் இல்லை, இணையமும் இல்லை. லிவிவ் தெருவிளக்குகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால், விடிந்த பிறகு ஊழியர்கள் நேரில் போய்க் கையால் அணைக்க வேண்டியதாயிற்று.

சுமி பகுதியில் வான்தாக்குதல் சைரன்களே பாதிக்கப்பட்டன. போர் நடக்கும் நாட்டில்!

ஊடுருவியவர்கள் மே மாதமே உள்ளே இருந்தார்கள் என்று உக்ரைனின் உள்நாட்டுப் பாதுகாப்பு உளவு அமைப்பு பிறகு சொன்னது.

பெரிய நிறுவனம் விழாது என்று நானும் நம்பியிருந்தேன். பெரிதாக இருந்ததால்தானே விளக்கு, சைரன் எல்லாம் அதிலேயே தொங்கின.

சைரனை நம்பி அன்று குழந்தைகளைத் தூங்கவைத்தவர்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.