செம்பாட்டுக்காரனும் செங்கல்லுத் தூளும்

எங்கட வீட்டில ரென்னிஸ் பாக்கிற ஆக்கள் ரெண்டே ரெண்டு பேர், நானும் அப்பாவும். அப்பாவுக்கு இண்டைவரைக்கும் பொயின்ற் கணக்குப் பிடிபடேல்ல. 15, 30 எண்டு போட்டு ஏன் பிறகு 45 வராமல் 40 வருது எண்டு கேக்கத் தொடங்கி இருவது வருசமாச்சு, நானும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மறுமொழி சொல்லித் தப்பிக்கொண்டு வாறன். ஆனா ஏப்ரல் பிறந்து மொண்டே கார்லோ துவங்கினா மனுசன் கதிரையைத் தூக்கி ரீவிக்குக் கிட்டப் போட்டிடுவார். மட்றிட், ரோம், பிறகு பாரிஸ். ஜூன் முதல் கிழமையோட கதிரை திரும்ப விறாந்தைக்குப் போயிடும். விம்பிள்டனுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

ஏன் எண்டா அவர் பாக்கிறது ரென்னிஸை இல்லை, மண்ணை. அந்த நாலு போட்டியும் கிளே எண்டு சொல்லுற சிவப்பு மண் தரையில.

நாங்கள் செம்பாட்டுக்காரர். யாழ்ப்பாணத்தில உரும்பிராய், கோப்பாய், புன்னாலைக்கட்டுவன் பக்கம் வந்த ஆக்களுக்குத் தெரியும், ஒரு தரம் சோளகக்காத்து அடிச்சா வீட்டுச் சுவரில இருந்து நாயின்ர முதுகு வரைக்கும் சிவப்பு. அம்மா என்ர பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டைத் தோய்ச்சுத் தோய்ச்சுக் கை தேஞ்சவ, அதால ரீவியில அந்தப் பெடியள் வெள்ளைச் சோக்ஸோட செம்மண்ணுக்குள்ள சறுக்கிறதைக் கண்டா "ஐயோ ஆர் பெத்த பிள்ளையளோ, தாய்மார் பாவம்" எண்டு சொல்லிப்போட்டு குசினிக்குள்ள போயிடுவா. அவவின்ர ரென்னிஸ் அவ்வளவுதான்.

அப்பா அப்பிடி இல்லை. மட்ச் துவங்க முதல் ஒருத்தர் தண்ணிக் குழாயைத் தோளில போட்டுக்கொண்டு வந்து கோர்ட் முழுக்க விசிறி அடிப்பார் எல்லோ, மற்ற ஆக்கள் அந்த நேரம் தேத்தண்ணி போடப் போவினம், எங்கட வீட்டில அப்பதான் விமர்சனம் துவங்கும். "தண்ணி காணாது." "அந்த மூலையை விட்டிட்டான் பார்." "மத்தியானத்துக்குள்ள காஞ்சு தூள் பறக்கப்போகுது." வெங்காயப் பாத்திக்குத் தண்ணி கட்டிக் கட்டி வந்த கண் அது. சும்மா பகிடி எண்டு கனகாலம் நினைச்சிருந்தன், பிறகு பாத்தா மனுசன் சொல்லுறது சரி. அதே கோர்ட் வெயிலுக்குக் காஞ்சா பந்து வேகமாயும் உயரமாயும் எழும்பும், மழைக்குணமா இருந்தா பந்து பாரமாகி மண்ணும் ஈரமாகி ஒண்டும் எழும்பாது. காலமையும் பின்னேரமும் ரெண்டு வேற கோர்ட். சீமெந்துத் தரையில இந்தச் சோலி இவ்வளவு இல்லை.

ஒண்டு சொல்லிப்போடவேணும், பேப்பர்காரர் எழுதுற மாதிரி அது களிமண் இல்லை. களி எண்டா மழைக்கு வயலுக்குள்ள இறங்கினா செருப்பில ரெண்டு கிலோ ஒட்டும், அதில ஆர் சறுக்கி விளையாடுறது. பாரிஸில போட்டிருக்கிறது செங்கல்லை அரைச்ச தூள், அதுவும் மேல ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர்தான், ஒரு நகக்கண் அளவு. அதுக்குக் கீழ அரைச்ச சுண்ணாம்புக்கல்லு, பிறகு நிலக்கரி எரிச்ச கழிவு, பிறகு சரளை, கடைசியாக் கல்லு. அதை முதன்முதல் வாசிச்ச அண்டைக்கு நான் ஓடிப்போய் அப்பாட்டச் சொன்னன். எங்கட காணியிலயும் அதே கதைதானே, கிணறு வெட்டினா மேல கொஞ்சம் செம்மண், பிறகு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, வெடி வைச்சுத்தான் இறங்கலாம். அப்பா யோசிச்சுப்போட்டு "அப்ப அங்க தண்ணி நல்லா உறிஞ்சும்" எண்டார். எனக்கு அது ஒரு அதிசயம், அவருக்கு அது ஒரு வடிகால் விசயம்.

பாரிஸில எங்கட பெரியம்மாவின்ர மகன் இருக்கிறார், லாச்சப்பல் பக்கம் வேலை. அவர்தான் பாரிஸ் போட்டியை ரோலான் கறோஸ் எண்டு சொல்லவேணும் எண்டு எனக்குப் பாடம் எடுக்கிறவர். ஒரு வருசம் முதல் கிழமைக்கு ரிக்கெற் எடுத்துப் போய்ச் சின்னக் கோர்ட் ஒண்டில வேலியோட நிண்டு பாத்தவராம், வந்து வட்ஸ்அப்பில ரெண்டு நிமிச வொய்ஸ் அனுப்பினவர், அதில ஒன்றரை நிமிசம் பியர் விலையைப் பற்றி. மிச்ச அரை நிமிசத்தில சொன்னதுதான் எனக்கு மறக்கேல்ல: "தம்பி, ரீவியில கேக்காது, அவங்கள் சறுக்கேக்க ஒரு சத்தம் வருது, மண்வெட்டி இழுக்கிற மாதிரி."

எனக்கு இந்த விசர் பிடிச்சது 2006 ஜூனில. பாரிஸ் ஃபைனல், நடாலும் ஃபெடரரும். அயலில ஒரு வீட்டில கேபிள் இருந்தது, கரண்ட் நிக்குமோ போகுமோ எண்ட பயத்தோட போய்க் குந்தினன். நான் அப்ப ஃபெடரர் ஆள், பள்ளிக்கூடத்தில எல்லாரும் ஃபெடரர்தான், வடிவா அடிக்கிறான் எண்டு. முதல் செற் 6-1 ஃபெடரருக்கு. வீட்டுக்குப் போகலாம் எண்டு எழும்பினன், அந்த வீட்டு அன்ரி பிளேன்ரீ கொண்டுவந்து தந்ததால இருந்திட்டன். அந்தப் பிளேன்ரீதான் என்னைக் கெடுத்தது. அடுத்த மூண்டு செற்றும் நடாலுக்கு, 6-1, 6-4, 7-6. இடக்கையால அடிக்கிற பந்து வலைக்கு மேல கனக்கப் போய் விழுந்து, விழுந்த இடத்தில இருந்து குத்தி ஃபெடரரின்ர தோளுக்கு மேல எழும்புது, அந்தாள் ஒத்தைக்கைப் பாக்ஹாண்டை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது. திரும்பத் திரும்ப அதே இடம், அதே பந்து. வடிவில்லை எண்டு நினைச்சன் முதல். பிறகு விளங்கிச்சு, முரளி காலியில பந்து போடுற மாதிரி இது. என்ன வரப்போகுது எண்டு பட்ஸ்மனுக்கும் தெரியும், வந்தாப் பிறகும் ஒண்டும் செய்யேலாது.

இதைத்தான் கிளே அலுப்பு எண்டு சொல்லுற என்ர சிநேகிதனுக்கு இவ்வளவு வருசமா விளங்கப்படுத்துறன். அவனுக்கு ஏஸ் அடிக்கவேணும், டமார் எண்டு மட்ச் முடியவேணும். மச்சான், செங்கல்லுத் தூளில பந்து உரஞ்சி வேகம் குறைஞ்சிடும், அடிக்கிற அடியெல்லாம் திரும்பி வரும், ஒரு பொயின்றை நீ மூண்டு தரம் வெல்லவேணும். சம்பிராஸ் 14 கிராண்ட்ஸ்லாம் எடுத்த மனுசன், பாரிஸில ஃபைனல் கூட இல்லை, 1996இல செமி ஃபைனல்தான் ஆகக்கூட. அதே பாரிஸ் 1989இல 17 வயசு மைக்கல் சாங், கால் பிடிச்சு நடக்கேலாமல், லெண்டிலுக்குக் கீழ் கையால சேர்வ் போட்டு வெண்டு கடைசியாக் கப்பையும் தூக்கினது. 2004 ஃபைனலில கோரியா ரெண்டு செற் எடுத்து, கடைசி செற்றில ரெண்டு சாம்பியன்ஷிப் பொயின்றும் வந்து, அதாவது இன்னும் ஒரு பொயின்ற் எடுத்தாக் கப் எண்ட நிலை ரெண்டு தரம் வந்து, பிறகும் கௌடியோட்டத் தோத்தது. இந்தத் தரையில ஒருத்தனும் முடியமுதல் முடிஞ்சுது எண்டு சொல்லேலாது.

அப்பா நடாலுக்கு வைச்ச பேர் தோட்டக்காரன். காரணம் கேட்டன். "அவன் வரம்பில கால் வைக்கமாட்டான், கவனிச்சனியோ?" நான் பத்து வருசமாப் பாக்கிறன், அந்தாள் பொயின்ற் இல்லாத நேரம் லைனை மிதிக்காமல் தாண்டித்தான் போவார், அது ஒரு பழக்கம் எண்டு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதை வரம்பு எண்டு ஒரு மனுசன் பாத்தது எங்கட வீட்டிலதான். தண்ணிப் போத்தில் ரெண்டையும் நேர் பாத்து வைக்கிறது, லைனில கிடக்கிற மண்ணைக் காலால தட்டி விடுறது, எல்லாம் அப்பாவுக்கு நாத்து நடுற ஒழுங்கு. 2012இல மட்றிட்டில நீல நிறத்தில மண் போட்டவங்கள், அப்பா பாத்துப்போட்டு "இதில என்ன விளையும்" எண்டார். அவர் சொன்ன மாதிரித்தான், எல்லாரும் வழுக்கி விழுந்து, நடாலும் ஜோகோவிச்சும் இனி இப்பிடி எண்டா வரமாட்டம் எண்டு சொல்லி, அடுத்த வருசமே பழையபடி சிவப்பு. அந்த நீலத்தில வெண்டது ஃபெடரர், அதுக்காக ஃபெடரர் ஆக்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

பாரிஸில மட்டும் நடால் 14 கப், 112 வெற்றி, 4 தோல்வி. நாலில முதலாவது 2009 மே 31, சோடர்லிங்கிட்ட. அந்த மட்ச்சை நான் கனகாலம் கழிச்சு யூரியூப்பிலதான் பாத்தனான். அந்த மே மாசம் இஞ்ச ஆரும் ரென்னிஸ் பாத்துக்கொண்டு இருக்கேல்ல.

மண்ணில எனக்கு ஆகப் பிடிச்சது அடையாளம். பந்து விழுந்தா ஒரு முட்டை வடிவில தடம் கிடக்கும், லைனைத் தொட்டிருக்கோ இல்லையோ எண்டு சண்டை வந்தா அம்பயர் கதிரையால இறங்கி வந்து குனிஞ்சு பாத்து விரலால காட்டுவார். வேலிச் சண்டைக்குள்ள பிறந்து வளந்த யாழ்ப்பாணத்தானுக்கு இதைவிட என்ன வேணும். பக்கத்து வளவுக்காரன் கதியாலை அரை அடி தள்ளிப் போட்டிட்டான் எண்டு விதானையாரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுற அதே காட்சி, அதே கை நீட்டல், அதே "நீங்களே பாருங்கோ". விதானையார் வேற தடத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டார் எண்ட குற்றச்சாட்டும் அப்பிடியே இருக்கு.

2025இல இருந்து ஆம்பிளையளின்ர ரென்னிஸ் சங்கமான ஏரிபி நடத்துற கிளே போட்டியளில கமெராதான் தீர்ப்பு, அம்பயர் இறங்கி வாறேல்ல. அந்த வருசம் மட்றிட்டில ஸ்வெரெவ் கமெரா சொன்னதை நம்பாமல் பையுக்குள்ள இருந்து ஃபோனை எடுத்துக்கொண்டு வந்து தடத்தைப் படம் பிடிச்சு, அதுக்கு எச்சரிக்கையும் வாங்கினவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாயும் இருந்தது. மண் ஒண்டு சொல்லுது, மிசின் இன்னொண்டு சொல்லுது, கண்ணுக்கு முன்னால தடம் கிடக்கு. மிசின்தான் சரி எண்டு படிச்ச ஆக்கள் சொல்லுவினம், தடம் எப்பவும் பந்து பட்ட அளவுக்குச் சரியா விழாது எண்டு. இருக்கட்டும். பாரிஸ்காரர் அந்த வருசமும் லைன் பாக்க ஆக்களைத்தான் வைச்சிருந்தவை, அதுக்காகவே அவைக்கு ஒரு கும்பிடு.

நடால் 2024 நவம்பரோட விட்டிட்டார். 2025 மே 25 பாரிஸில அவருக்கு ஒரு விழா வைச்சவை, ஃபெடரர், ஜோகோவிச், மறே மூண்டு பேரும் வந்தவை, அவரின்ர காலடித் தடத்தைக் கோர்ட்டிலயே பதிச்சு வைச்சவை. அப்பா ஒண்டும் கதைக்காமல் பாத்துக்கொண்டு இருந்தார். இனி இந்தக் கதிரை விறாந்தையிலதான் எண்டு நினைச்சன்.

ரெண்டு கிழமைதான். ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, அல்கராசும் சின்னரும். எங்களுக்குப் பின்னேரம் ஆறரைக்குத் துவங்கிச்சு. சின்னர் ரெண்டு செற் எடுத்தோடன அப்பா எழும்பிட்டார், விடிய நாலரைக்கு இறைப்பு. அல்கராஸ் மூண்டாவதை எடுத்தது அவருக்குத் தெரியாது. நாலாவது செற் 5-3 சின்னருக்கு, அல்கராசின்ர சேர்வில 0-40, மூண்டு சாம்பியன்ஷிப் பொயின்ற், அந்த நேரம் பாத்து தண்ணி குடிக்க வந்தவர் செம்பைக் கையில வைச்சுக்கொண்டு கதவடியில நிண்டிட்டார். ஒண்டு போச்சு. ரெண்டு போச்சு. மூண்டும் போச்சு. செம்பை ரீவிக்கு மேல வைச்சுப்போட்டு இருந்திட்டார், பிறகு எழும்பவே இல்லை. பாரிஸ் அண்ணை ஃபோன் எடுக்கிறார், நான் எடுக்கேல்ல. நாலாவது செற் அல்கராசுக்கு. அஞ்சாவதில அல்கராஸ் 5-4இல முடிக்கப்போறான் எண்டு பாத்தா சின்னர் திரும்ப வந்து 6-6, பிறகு பத்துப் பொயின்ற் ரைபிரேக், அதில அல்கராஸ் 10-2. 5 மணித்தியாலம் 29 நிமிசம், பாரிஸ் ஃபைனல்களிலேயே ஆக நீளமானது. முடியேக்க எங்கட நாய் கூட நித்திரை. மொத்தப் பொயின்ற் கூட்டிப் பாத்தா சின்னர் 193, அல்கராஸ் 192. கூட எடுத்தவன் தோத்தான். இந்தக் கணக்கை நான் அப்பாட்டச் சொல்லேல்ல, 40க்கே இருவது வருசம் போச்சு.

நாலரைக்கு மிசின் சத்தம் கேட்டது, மனுசன் படுக்கவே இல்லைப் போல. விடிய நான் தோட்டத்துக்குத் தேத்தண்ணி கொண்டு போக, பாத்திக்குள்ள தண்ணியைத் திருப்பி விட்டிட்டு நிமிந்து கேட்டார்: "தம்பி, அந்த மூண்டையும் விட்ட பெடியன், அவன் என்ன செய்வான் இனி?"

அஞ்சு கிழமை கழிச்சு மறுமொழி கிடைச்சுது. விம்பிள்டன் ஃபைனல், அதே ரெண்டு பேர், இந்த முறை சின்னர் நாலு செற்றில வெண்டிட்டான். விறாந்தைக்கு ஓடிப்போய் "அப்பா, அந்தப் பெடியன் வெண்டிட்டான், அல்கராசைத்தான்" எண்டன். பேப்பரை இறக்காமல் கேட்டார்.

"எங்க, மண்ணிலயோ?"

"இல்லை, லண்டனில. புல்லில."

"புல்லோ," எண்டார். "அது பிடுங்கிற சாமான் எல்லோ."